ஹீலியோஸ் 44-2, சோனி ஏ6000: ரெடியூசர் வாங்கலாமா, சாதா அடாப்டரே போதுமா?

கொட்டாஞ்சேனைக்காரி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா போன மாதம் வீடு மாறினார். 80களில் மொஸ்கோவில் படித்துவிட்டு வந்தவர், அங்கிருந்து கொண்டுவந்த சாமான் ஒன்றையும் எறியாதவர். அலுமாரியின் மேல்தட்டில் இருந்து ஒரு தோல் உறையை இறக்கி, "உனக்குத்தானே இந்தப் பைத்தியம், கொண்டுபோ" என்று தந்தார். உள்ளே செனிட்-ஈ கமரா, அதில் ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப் 2. கமராவின் ஷட்டர் இறுகிவிட்டது. ஆனால் ஒளிமானியின் முள் மட்டும் பேட்டரி இல்லாமலே இன்னும் வெளிச்சத்துக்கு ஆடுகிறது, கையால் மூடுவதும் திறப்பதுமாக அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். லென்ஸ் கண்ணாடி என் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிகிறது.

என்னிடம் இருப்பது சோனி ஏ6000. கூட வேலை செய்யும் ஒருவர் சாதா எம்42 அடாப்டரை (பழைய 42 மி.மீ. திருகு லென்ஸைப் புதுக் கமராவில் பொருத்தும் வளையம்) கடனாகத் தந்தார், ஒரு கிழமை எடுத்துப் பார்த்தேன். நிறம் வடிவாக இருக்கிறது, முகம் மென்மையாக வருகிறது, எல்லாம் சரி. ஆனால் இந்த லென்ஸ் என்றதும் எல்லோரும் சொல்கிற அந்தச் சுழலும் பின்னணி எனக்கு வரவே இல்லை. மரத்துக்கு முன்னால் தங்கச்சியை நிறுத்தி முப்பது படமாவது எடுத்திருப்பேன். பின்னால் சும்மா கலங்கிக் கிடக்கிறதே தவிரச் சுற்றவில்லை. இன்னொன்று, எங்கள் ஃபிளாட் சின்னது. அம்மாவை இடுப்பளவு எடுக்கவே நான் பிரிட்ஜோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது.

ஃபோக்கல் ரெடியூசர் என்று உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் ஒன்று இருக்கிறதாம், போட்டால் படம் அகலமாகும், வெளிச்சமும் கூடும் என்கிறார்கள். அகலமும் கூடி வெளிச்சமும் கூடுவது என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை, எங்கேயோ ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளத்தானே வேண்டும்? புறக்கோட்டையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கிய கனன் எஃப்டி 28 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஒன்றும் சும்மா கிடக்கிறது. ஒரே ரெடியூசரில் இரண்டையும் போடலாமா? இரவில் கோயில் திருவிழா, தேர், இப்படித்தான் அதிகம் எடுப்பேன். காசு யோசித்துத்தான் செலவழிக்கவேண்டிய நிலை.

---

பழங்கண்ணாடி:

தங்கச்சி, சுழல் வராதது உங்கள் கைப்பிழை இல்லை. அந்தச் சுழல் இருப்பது லென்ஸ் எறிகிற படத்தின் ஓரத்தில், உங்கள் சென்சர் எடுப்பதோ நடுவை மட்டும். அப்பத்தின் நடுவை வெட்டிச் சாப்பிட்டுவிட்டு மொறுமொறு எங்கே என்று கேட்ட கதைதான்.

கணக்காகச் சொன்னால், 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் நடுவில் இருந்து மூலைக்கு 21.6 மி.மீ. தூரம். ஏ6000இன் சென்சரில் அதே தூரம் சுமார் 14 மி.மீ. தான். ஹீலியோஸ் என்பது கார்ல் சைஸ் ஜெனாவின் பயோட்டார் 58ஐ வைத்து ரஷ்யர்கள் செய்தது. முழுதாகத் திறந்து எடுக்கும்போது ஓரத்துக்குப் போகிற வெளிச்சத்தை லென்ஸின் குழாயே கொஞ்சம் மறைப்பதால், நடுவில் வட்டமாக இருக்கும் கலங்கல் பொட்டுகள் ஓரத்தில் பூனைக்கண் மாதிரி ஒடுங்கி, நடுவைச் சுற்றி வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசைதான் கண்ணுக்குச் சுழலாகத் தெரிகிறது. 14 மி.மீ.க்குள் அது தொடங்கவே இல்லை, நீங்கள் எப்படி எடுப்பீர்கள்.

ரெடியூசர் செய்வது என்ன என்றால், சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் கடதாசி எரித்திருப்போமே, அதுதான். லென்ஸில் இருந்து வரும் பெரிய வட்டத்தைச் சின்ன வட்டமாகச் சுருக்கிச் சென்சரில் விழுத்துகிறது. வெளிச்சம் அதே அளவு, விழும் இடம் சின்னது, ஆகவே பிரகாசம் கூடுகிறது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, இத்தனை நாள் சென்சருக்கு வெளியே விழுந்து வீணாய்ப் போனதைத்தான் உள்ளே இழுக்கிறீர்கள். தொலைநோக்கிக்காரர்கள் எப்போதோ இருந்து பாவித்து வருகிற விஷயம். மிரர்லெஸ் கமராவுக்கு என்று மெட்டாபோன்ஸ் 2013 ஜனவரியில் ஸ்பீட் பூஸ்டர் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வெறி பிடித்தது. அது 0.71 மடங்கு. விலை குறைந்த லென்ஸ் டர்போ 2 வகை 0.726 மடங்கு. உங்கள் 58ஐ 0.726ஆல் பெருக்கினால் 42 மி.மீ., எஃப் 2 போய் 1.45 ஆகும் (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூட). ஏறக்குறைய ஒரு ஸ்டொப் லாபம், அதாவது வெளிச்சம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஐஎஸ்ஓ 3200இல் எடுத்த தேரை 1600இல் எடுக்கலாம். ஃபுல் பிரேம் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சர்) கணக்கில் இப்போது 87 மி.மீ. பார்வை, ரெடியூசர் போட்டால் 63. மூலைக்கு 14 என்று இருந்தது 19.4 மி.மீ. வரை நீளும். சுழல் வந்துவிடும். முழுதாக இல்லை, முக்கால்வாசி.

எஃப்டி விஷயம்: ஒரே ரெடியூசரில் இரண்டும் முடியாது. லென்ஸின் இருக்கையில் இருந்து பிலிமுக்கு உள்ள தூரம் எம்42க்கு 45.46 மி.மீ., கனன் எஃப்டிக்கு 42. எம்42 ரெடியூசரில் எஃப்டியை எப்படியோ பொருத்தினாலும் தூரத்தில் இருக்கும் ஒன்றும் கூர்மையாக வராது, கிட்ட இருப்பது மட்டும்தான். இனிமேல் பழைய லென்ஸ் இன்னும் சேரும் என்று உங்களுக்கே தெரிந்தால் (சேரும், எல்லோருக்கும் சேர்ந்தது) எம்42 ரெடியூசர் வாங்காதீர்கள், கனன் ஈஎஃப் இருக்கை வைத்ததை வாங்குங்கள். ஈஎஃப் 44 மி.மீ. எம்42, நிக்கோன் எஃப் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, கொன்டாக்ஸ் யாஷிக்கா 45.5, எல்லாம் அதைவிட நீளம் என்பதால் மோதிரம் மாதிரி ஒரு மெல்லிய வளையத்தைத் திருகினால் எல்லாமே அதில் ஏறும். வளையம் மலிவு. எஃப்டி, பழைய மினோல்டா எம்டி மாதிரியானவை அதற்குள் வராது, அவை 44ஐவிடக் குறைவு.

வாங்கியதும் கமராவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற அமைப்பைத் திறந்து வையுங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள், இல்லாவிட்டால் முப்பது படம் வந்திருக்காது.

---

தெஹிவளைத் தண்டவாளம்:

நான் எதிர்க்கட்சி.

பழங்கண்ணாடி அண்ணா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் கேட்டவருக்கு ரெடியூசர் தேவையா என்று அவர் கேட்கவே இல்லையே. ஃபிளாட்டில் இடம் போதவில்லை என்பதுதான் முதல் பிரச்சினை. அதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது, சும்மா கிடக்கிறது என்கிறீர்களே அந்த 28. கண்ணாடி இல்லாத எஃப்டி அடாப்டர் ஒன்று போட்டால் 42 மி.மீ. பார்வை. வீட்டுக்குள் அம்மா, சமையலறை, மேசை எல்லாம் அதில் அடங்கும். அந்த அடாப்டருக்கு ஆகும் காசு இரண்டு பேர் நல்ல இடத்தில் புரியாணி சாப்பிடுகிற காசு. ரெடியூசர் அதன் பல மடங்கு. 2.8 இருட்டு என்பீர்கள், ஜன்னலைத் திறவுங்கள்.

இரண்டாவது, நான் ஒரு மலிவு ரெடியூசர் வாங்கிப் பட்டவன். பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆடிவேல் இரவில் ரதத்துக்கு முன்னால் நின்று எடுத்தேன், லைட் சோடனை நேரே கமராவைப் பார்க்கிறது, ஆட்கள் நிறையப் பேர் ஃபோகஸில் வரவேண்டும் என்று அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) எஃப் 8க்கு இறுக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் ஒரு நீலப் பொட்டு. சுவாமியின் முகத்திலேயே. சென்சரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ரெடியூசரின் பின் கண்ணாடியில் பட்டு மறுபடி சென்சருக்கு வருகிறது, அதுதான் பொட்டு. திறந்து எடுத்தால் அது பரந்து கரைந்து போய்விடும், இறுக்க இறுக்கத்தான் பொட்டாக எழும்பும். அன்று எடுத்த படங்களில் ஒன்றைக்கூட அம்மம்மாவிடம் காட்டவில்லை.

மூன்றாவது, சுழல் அலுக்கும். முதல் மாதம் நாய், பூனை, பூ, சாரதி எல்லாம் சுழலும். அப்புறம் நீங்களே நாலுக்கு இறுக்கி எடுப்பீர்கள். காசு சேர்த்து 2013இல் வந்த முதல் சோனி ஏ7 போன்ற பழைய ஃபுல் பிரேம் ஒன்றை இரண்டாம் கையாக எடுங்கள். இடையில் கண்ணாடியே வேண்டாம், சாதா அடாப்டரில் லென்ஸ் எப்படியோ அப்படியே வரும்.

---

பழங்கண்ணாடி:

தம்பி, 28ஐப் பற்றிச் சொன்னது சரி, அது என் மண்டையில் ஏறவில்லை. தங்கச்சி முதலில் அதைச் செய்யட்டும்.

நீலப் பொட்டையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு வந்தவற்றில் பூச்சு நல்லது, குறைவு. ஆனாலும் ரெடியூசர் போட்டுக்கொண்டு எதிர்வெளிச்சத்தில் எஃப் 8, 11 என்று இறுக்குவதே எனக்குப் பிழையாகப் படுகிறது. இறுக்கி எடுக்கத்தான் சாதா அடாப்டர் இருக்கிறதே. ரெடியூசர் போடுவது திறந்து எடுக்க. "பழைய ஃபுல் பிரேம்" என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள், இப்போதைய விலையைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். ரெடியூசரின் கண்ணாடி லென்ஸுக்குக் கிட்டவே இருக்கிறது. சில எம்42 லென்ஸ்களின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், முடிவிலிக்கு, அதாவது ஆகத் தூரத்து ஃபோகஸுக்கு, திருப்பும்போதுதான் அது ஆக உள்ளே போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் அவசரத்தில் ஒரே திருப்பாகத் திருப்பி இரண்டு கண்ணாடியிலும் கீறல் வாங்கினார், அந்தச் சத்தத்தை இன்னும் சொல்லுவார். ஹீலியோஸ் 44-2க்கு அந்தப் பயம் இல்லை. வேறு எதைப் போட்டாலும் முதல் தடவை மெல்ல, சத்தம் கேட்டுக்கொண்டே திருப்புங்கள், எங்காவது தட்டுகிற மாதிரி இருந்தால் நிறுத்துங்கள்.

இன்னொன்று, 44-2க்கு இரண்டு அப்பர்ச்சர் வளையம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். முன் வளையம் டிக் டிக் என்று எல்லையை வைப்பது, மற்றது சத்தமில்லாமல் திறப்பதும் மூடுவதும். முன் வளையத்தை 16இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், மற்ற வளையத்தாலேயே எல்லாம் செய்யலாம். வீடியோவுக்கும் நல்லது. ஏ6000க்கு உடலுக்குள் அதிர்வு தாங்கும் வசதி இல்லை, ஆகவே உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் வாசிக்கிற யாரிடமாவது அது உள்ள கமரா இருந்தால் குவியத் தூரத்தைக் கேட்கும் இடத்தில் 58 என்று போடாதீர்கள், 42 என்று போடுங்கள். பெரிய எண்ணைப் போட்டால் கமரா தேவைக்கு மேலே ஆட்டித் திருத்தப் பார்க்கும், படம் கலங்கும்.

---

ஈரக்காற்று:

எல்லோரும் அடாப்டரைப் பற்றிக் கதைக்கிறீர்கள். பிள்ளை, முதலில் அந்தத் தோல் உறையில் இருந்து லென்ஸை வெளியே எடுத்துவிட்டீர்களா?

கொழும்புக் காற்றில் தோல் என்பது பூஞ்சணத்துக்கு வீடு. அதுவும் கடலுக்குக் கிட்ட, அலுமாரிக்குள், முப்பது வருஷத்துக்கு மேல். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிறது என்று நீங்கள் சொல்வதை நான் நம்பமாட்டேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரவில் லைட்டை அணையுங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து லென்ஸின் பின்பக்கத்தில் இருந்து டோர்ச்சை நேராக இல்லாமல் சரித்து அடித்து, முன்பக்கத்தால் பாருங்கள். தூசி எல்லா லென்ஸிலும் நட்சத்திரம் மாதிரித் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ஓரத்தில் இருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் மாதிரியோ மரத்தின் வேர் மாதிரியோ ஏதாவது கிளம்பினால் அது பூஞ்சணம். கண்ணாடி முழுதும் மெல்லிய பால் நிறமாக இருந்தால் அது புகைப்பு, உள்ளே கிரீஸ் ஆவியாகிப் படிந்தது. இதில் எது இருந்தாலும் எதிர்வெளிச்சத்தில் படம் வெளுக்கும், பிறகு "ரெடியூசர் சரியில்லை" என்று இங்கே வந்து எழுதுவீர்கள்.

பூஞ்சணம் கொஞ்சமாக இருந்து, பூச்சை அரிக்கமுதல் கழற்றித் துடைத்தால் போய்விடும். நீங்களே கழற்றாதீர்கள். ஹீலியோஸ் லேசான லென்ஸ்தான், கழற்றுகிறவர்கள் கனபேர், ஆனால் ஃபோகஸ் திருகைத் திருப்பிப் போடும்போது ஒரு புரி மாறினால் முடிவிலி தவறிவிடும், அந்தத் தலையிடி வேண்டாம். திருத்துகிறவரிடம் கொடுக்கும்போது என்ன செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். என் பழைய தக்குமார் லென்ஸைக் கொடுத்து "துடைத்துத் தாருங்கள்" என்று வாயால் மட்டும் சொன்னதற்கு, பூச்சையும் சேர்த்துத் துடைத்துத் தந்தார் ஒரு மனிதர். கண்ணாடி பளபள என்று இருக்கிறது, படம்தான் இல்லை.

வைப்பதற்கு டிரை கபினெட் வாங்கக் காசு இல்லையென்றால், மூடி இறுகும் பெரிய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி, இவ்வளவும் போதும். ஈரப்பதம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கவேண்டும். எங்கள் வீட்டில் வெளியே மழைக்காலத்தில் 85க்குப் போகும், பெட்டிக்குள் 45. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கித் திருப்பிப் பாவிக்கலாம், ஆனால் நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, நஞ்சு. சமைக்கிற தாச்சியில் போடாதீர்கள், செம்மஞ்சள் நிறத்தை வாங்குங்கள்.

தக்குமார் என்றதும் ஞாபகம் வருகிறது. 50 மி.மீ. எஃப் 1.4 தக்குமார்களில் ஏழு கண்ணாடி உள்ளவற்றில் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கும், வருஷம் போகப்போகத் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறும். வெயிலில் நாள்கணக்காக வைத்தால் தெளியும். வைக்கும்போது ஒரு பக்கத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள். மூடாமல் ஜன்னலில் வைத்த என் அக்காவின் திரைச்சீலையில் இன்றைக்கும் ஐந்து சதக் காசு அளவு ஓட்டை இருக்கிறது.

---

கொட்டாஞ்சேனைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னதை வாசித்துவிட்டு நேற்று இரவே டோர்ச் அடித்தேன். ஓரத்தில் ஒரு இடத்தில் நூல் இருக்கிறது. கடுகு அளவுதான், ஆனால் இருக்கிறது. இரவு நித்திரை வரவில்லை.

தெஹிவளை அண்ணா, எஃப்டி அடாப்டர் சொல்லிவிட்டேன், வருகிறது. ஆனாலும் சுழல் ஆசை விடவில்லை. அலுக்கும் என்றால் அலுத்த பிறகு சொல்கிறேன்.

ஒரு கேள்வி. ஃபோகஸ் பீக்கிங்கில் (ஃபோகஸான இடத்தை நிறத்தால் காட்டும் வசதி) சிவப்பாகக் காட்டுகிறது, எடுத்தால் கண் கலங்கி மூக்கு கூர்மை. சாதா அடாப்டரிலேயே இப்படி என்றால் ரெடியூசரில் இன்னும் மோசமாகாதா?

---

தெஹிவளைத் தண்டவாளம்:

ஆகும். பீக்கிங் காட்டுவது கூர்மையை இல்லை, கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தை. பழைய லென்ஸை முழுதாகத் திறந்தால் எல்லாமே கொஞ்சம் புகையோடு வரும், பீக்கிங் ஏமாறும். பீக்கிங்கைக் குறைந்த அளவில் வையுங்கள், படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை ஒரு பொத்தானுக்குக் கொடுங்கள், கிட்ட இருக்கிற கண்ணின் இமை மயிரைப் பாருங்கள். நகரும் ஆட்களுக்கு வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்காதீர்கள். தோராயமாக வைத்துவிட்டு உங்கள் உடம்பையே முன்னுக்குப் பின் ஒரு விரல் அளவு ஆட்டி, கண் கூர்மையாகிற நேரம் அமத்துங்கள். மூன்று நான்கு எடுங்கள், ஒன்று சரியாக வரும். பிலிம் இல்லையே, காசா பணமா.

---

ரயிலடி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஜூபிட்டர்-8, 50 மி.மீ. எஃப் 2 இருக்கிறது. திருகுதான், ரஷ்ய லென்ஸ்தான். எம்42 ரெடியூசரில் ஏறுமா? ஏற்றிப் பார்த்தேன், லொடலொட என்று விழுகிறது.

---

பழங்கண்ணாடி:

விழத்தான் செய்யும், அது 39 மி.மீ. திருகு, ரேஞ்ச்ஃபைண்டர் கமராவுக்குச் செய்தது. இடைவளையம் போட்டாலும் பிரயோசனம் இல்லை. பழைய எஸ்எல்ஆர் கமராவில் வெளிச்சத்தைத் திருப்பும் ஆடி மேலே எழும்ப இடம் வேண்டும் என்று லென்ஸைத் தள்ளி வைத்தார்கள், அந்த இடத்தில்தான் ரெடியூசர் குந்தியிருக்கிறது. உங்கள் லென்ஸுக்கு மொத்தத் தூரமே 28.8 மி.மீ. சோனிக்கு 18 போனால் மிச்சம் 10.8. அதற்குள் ரெடியூசரை எங்கே நுழைப்பது. அந்த 39 மி.மீ. திருகுக்கான சாதா எல்39 அடாப்டர் வாங்குங்கள், வடிவான லென்ஸ், அப்படியே பாவியுங்கள்.

தங்கச்சி, என்னிடம் ஈஎஃப் ரெடியூசர் ஒன்றும் எம்42 வளையமும் சும்மா இருக்கின்றன. இரண்டு கிழமை வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்கலாம். தனிச்செய்தி அனுப்புங்கள். சுழல் வேண்டுமென்றால் ஆளை ஒன்றரை, இரண்டு மீட்டரில் நிறுத்தி, பின்னால் நாலைந்து மீட்டர் தள்ளி, இலைக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிகிற மரம் இருக்கவேண்டும். வெறும் சுவருக்கு முன்னால் சுழல ஒன்றும் இல்லை.

---

கொட்டாஞ்சேனைக்காரி:

மூன்று கிழமை கழித்து வருகிறேன்.

பழங்கண்ணாடி அண்ணாவின் ரெடியூசரோடு விகாரமகாதேவி பூங்காவுக்குப் போனோம். தங்கச்சியைப் பெரிய மரம் ஒன்றின் பக்கம் நிறுத்தி, பின்னேரம் நாலரை மணி வெயில் இலைக்குள்ளால் வரும்போது முழுதாகத் திறந்து எடுத்தேன். வந்தது! நடுவில் தங்கச்சி, அவளைச் சுற்றி வெளிச்சப் பொட்டுகள் அரிசி மாதிரி ஒடுங்கி வளைந்து ஓடுகின்றன. மூலைகள் கொஞ்சம் குழைந்து, இருண்டு இருக்கின்றன, அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அதே இடத்தில் சாதா அடாப்டரை மாற்றிப் போட்டு, முகம் அதே அளவு வர இரண்டு எட்டுப் பின்னால் போயும் எடுத்துப் பார்த்தேன், அது அமைதியான படம், சுழல் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அப்பக் கதை முழுதாக விளங்கியது.

ஒரு தொல்லை. காலிமுகத்திடலில் இருந்து இரவில் தாமரைக் கோபுரத்தை எடுத்தால் எவ்வளவு திருப்பியும் லைட் கூர்மையாக வரவில்லை, வளையம் முடிவிலியில் முட்டி நிற்கிறது. அண்ணாவிடம் கேட்டேன். ரெடியூசரின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்தி உள்ளே இருக்கும் கண்ணாடிக் கூட்டை மயிரளவு திருப்பச் சொன்னார். மணிக்கூடு திருத்துகிற ஸ்குரூ டிரைவரால், கை நடுங்க நடுங்கச் செய்தேன். முதலில் தவறான பக்கம் திருப்பி இன்னும் கெட்டது. பிறகு மறுபக்கம், கால்வட்டத்துக்கும் குறைவு, கடலில் நின்ற கப்பல்களின் லைட்டுகளைப் பார்த்துப் பார்த்து. இப்போது வளையம் முட்டுவதற்கு ஒரு மயிரிழை முன்னாலேயே கப்பல் கூர்மையாகிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

கோயில் வீதியில் தீபம் ஏற்றும் நேரம் ஐஎஸ்ஓ 1600இல் எடுத்தது கையில் நின்றது, முன்பு 3200 போட்டும் கலங்கும். ஆனால் ஒரு கோபுர லைட் சட்டத்துக்குள் வந்ததும் படம் முழுக்க வெளுத்துவிட்டது. அது ரெடியூசரா, கடுகளவு பூஞ்சணமா, லென்ஸின் வயதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. சாதா அடாப்டரிலும் வெளுத்தது, கொஞ்சம் குறைவாக. லென்ஸைத் துடைக்கக் கொடுக்கப்போகிறேன், என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன் அக்கா.

வீட்டுக்குள் 28தான். அதை ஒத்துக்கொள்கிறேன் தெஹிவளை அண்ணா, பிரிட்ஜைவிட்டு முதுகை எடுத்துவிட்டேன்.

தோல் உறையை எறியப்போகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். எறியவேண்டாமாம், திருப்பித் தரட்டாம். பிரஷர் பார்க்கிற மெஷினை வைக்க அளவாக இருக்குமாம்.